ஸ்கந்தகிரி மலையும் ஓர் ஏரியும்: பெங்களூரிலிருந்து ஒரு நாள் கோடைப் பயணம்

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அருகே பின்னிரவு இரண்டே கால் மணிக்கு வேன் வந்து நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தபோது மணி இரண்டு ஐம்பது. சித்திரை பிறந்த அடுத்த வாரம் அது. நான், என் மனைவி, பத்து வயது மகள், என் மைத்துனர் ஆகிய நால்வரும், சிக்கபள்ளாப்பூர் அருகிலுள்ள ஸ்கந்தகிரியில் சூரிய உதயம், அதன்பின் ஓர் ஏரியில் கயாக் படகு என்று அமைந்த ஒரு நாள் பயணத்துக்கு ஆளுக்கு 1,400 ரூபாய் கட்டியிருந்தோம். வேன், மலையேற அனுமதிச் சீட்டு, காலைச் சிற்றுண்டி, படகு எல்லாம் அதில் அடக்கம். நடத்தியவர்கள் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர். குறைகளை அவர்களுக்கே விரிவாக எழுதி அனுப்பிவிட்டதால் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே போன்ற பயணங்களை நடத்தும் குழுக்கள் நகரில் பல இருப்பதால், கோடை விடுமுறையில் குழந்தைகளோடு புறப்பட நினைப்பவர்களுக்கு இந்த விவரங்கள் பயன்படும் என்று நம்புகிறேன். மலையில் அவர்கள் காட்டிய பொறுப்பில் பாதியைக்கூட ஏரியில் காட்டவில்லை என்பதே என் மதிப்பீடு.

காத்திருந்த நேரத்தில் மகளுக்கு அந்தச் சிலையின் கதையைச் சொன்னேன். 1991-இல் அங்கே நிறுவப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. கதை முடிந்தும் வேன் வரவில்லை. சூரிய உதயத்தைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் பயணத்தில் முப்பத்தைந்து நிமிடத் தாமதம் சிறிய விஷயம் அல்ல. இரவில் குடும்பத்தோடு சாலையோரம் நிற்பவர்களுக்கு, வண்டி எங்கே வருகிறது என்று ஒரு செய்தியாவது அனுப்பியிருக்க வேண்டும்.

பெங்களூரின் கோடை முன்பு போல இல்லை. 2016 ஏப்ரலில் வெயில் 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்கந்தகிரியின் உச்சி சுமார் 1,450 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும் என்ற பொதுக் கணக்குப்படி, உச்சியில் நகரத்தைவிட மூன்று, மூன்றரை டிகிரி குறைவாக இருக்கலாம். ஆனால் இந்தக் குளுமை விடியற்காலையில் மட்டுமே கிடைக்கும். மலை முழுவதும் வெறும் பாறை. நிழல் தரும் மரம் மிகக் குறைவு. எட்டு மணிக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கிவிடும் என்பதால்தான் இருட்டில் ஏறி, வெயில் உறைப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

கலவார பெட்டா என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் இந்த மலையின் அடிவாரத்தில் பாபாக்னி மடம் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. கர்நாடக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்று, அடையாள அட்டையோடு போக வேண்டும். எங்கள் குழுவினர் அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். பதினாறு பேருடைய பெயர்களும் சீட்டில் இருந்தன; நுழைவாயிலில் ஐந்து நிமிடத்தில் உள்ளே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி வழிகாட்டியாக வந்த இளைஞர். அடிவாரத்து ஊரைச் சேர்ந்தவர். கன்னடமும் தெலுங்கும் தாய்மொழி போலப் பேசினார், எங்களோடு தமிழில் பேசினார். பதினாறு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அடிப்பகுதி தேய்ந்த ஷூ அணிந்திருந்த ஒருவரைத் தன் பின்னாலேயே வரச் சொன்னார். ஏறும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நின்று தலைகளை எண்ணினார். தாமதமாகப் புறப்பட்டதால், வேகமாக ஏறினால்தான் உச்சியில் உதயத்தைப் பார்க்க முடியும் என்று சிலர் அவசரப்படுத்தினார்கள். அவர் இசையவில்லை. ஆறு மணியை நெருங்கும்போது நாங்கள் பாதிக்குச் சற்று மேலே, கிழக்கு நோக்கிய ஒரு அகலமான பாறையில் இருந்தோம். என் மனைவிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தவர், "இங்கேயே உட்காருங்க அக்கா, இங்கிருந்தும் கிழக்கு நல்லாத் தெரியும்" என்று எல்லோரையும் அமர்த்திவிட்டார். உச்சியில் உதயம் பார்க்கவில்லை என்ற வருத்தம் சிலருக்கு இருந்தது. எனக்கு அவர்மேல் மதிப்புத்தான் கூடியது. இருட்டில் பத்து வயதுப் பெண்ணையும் மூச்சிரைப்பவர்களையும் விரட்டிக்கொண்டு ஏறாத ஒருவரிடம்தான் என் குடும்பத்தை நம்பி ஒப்படைத்திருந்தேன் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

விளம்பரப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலைக்குக் கீழே பால் பொங்கியது போல் மேகம் பரவியிருக்கும் படங்களைத்தான் கோடைப் பயணத்துக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் காட்சி மழைக்காலத்தின் கடைசியிலும் பனிக்காலத்திலும் கிடைப்பது. சித்திரையில் கீழே தெரிவது லேசான புழுதிப் படலமும், திராட்சைத் தோட்டங்களும், சதுரம் சதுரமாகப் பசுமைக் குடில்களும்தான். அதுவும் அழகுதான். உச்சியில் சிதிலமான கோட்டைச் சுவர்களும் ஒரு சிறு கோயிலும் இருக்கின்றன. எதிரே 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை முழு உருவமாகத் தெரிகிறது. நான் வாணியம்பாடியில் வளர்ந்தவன். கோடையில் பாலாறு என்றால் எங்களுக்கு மணலும் கானலும்தான். அந்த ஆறு பிறப்பது இந்த நந்தி மலைப் பகுதியில்தான் என்று பள்ளியில் படித்ததை, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குன்றுகளை நேருக்கு நேர் பார்த்தபடி மகளுக்குச் சொல்ல முடிந்தது. கொடுத்த பணம் எனக்கு அந்தக் கணத்திலேயே தகும் என்று ஆகிவிட்டது.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். சரிவான பாறையின் மேல் அரிசி நொய் அளவுக்குப் பொடிக் கற்கள் உதிர்ந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் குதிகாலை ஊன்றினால் கால் உருண்டு போகும். வழிகாட்டி முதலில் தன் காலால் அந்தப் பொடியை ஒதுக்கிக் காட்டி, பாதத்தைப் பக்கவாட்டில் முழுவதுமாகப் பதித்து, முழங்காலைச் சற்று மடக்கி இறங்கக் கற்றுக்கொடுத்தார். என் மகள் இரண்டு முறையில் கற்றுக்கொண்டாள். என் மைத்துனருக்கு இரண்டு சறுக்கல்கள் தேவைப்பட்டன. குடிநீர் விஷயத்தில் ஏற்பாடு போதாது. ஆளுக்கு ஓர் அரை லிட்டர் பாட்டில் மட்டுமே கொடுத்தார்கள். கோடையில் இந்த மலைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும்; வழியில் எங்கும் தண்ணீர் கிடைக்காது. நாங்கள் வீட்டிலிருந்து உப்பும் சர்க்கரையும் கலந்து எலுமிச்சைச் சாறு எடுத்துப் போயிருந்ததால் தப்பித்தோம். இறங்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட ஒரு கல்லூரி மாணவிக்கும் அதையே கொடுத்தோம்.

சிற்றுண்டி இட்லியும் சித்ரான்னமும் மோரும். சூடாகவும் போதுமான அளவிலும் இருந்தன.

பதினொரு மணிக்கு ஏரிக்குப் போனோம். நேரமே தவறு. கோடையில் படகு விடுவதற்கு ஏற்றது காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை நான்கரைக்குப் பின். உச்சி வெயிலில் தண்ணீரிலிருந்து எதிரடிக்கும் ஒளி, தொப்பி போட்டாலும் முகத்தைச் சுடுகிறது. மாலையில் வைத்தால் மாம்பழ மழை என்று இங்கே சொல்லும் கோடை இடிமழையையும் கவனிக்க வேண்டும். இடிச் சத்தம் கேட்டவுடன் எல்லோரும் கரையேற வேண்டும் என்ற விதி எந்தப் படகுக் குழுவுக்கும் அடிப்படையானது. இவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நேரத்தைக்கூட மன்னிக்கலாம், என் மகளுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மன்னிக்க முடியவில்லை. பெரியவர்களுக்கான ஜாக்கெட் அது. மூன்று பக்கிள்களில் நடுவில் இருந்தது உடைந்திருந்தது. அந்த இடத்தில் நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் அவள் மூக்கு வரை எழும்பியது. அவள் அதற்குள்ளிருந்து "அப்பா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். இந்தச் சோதனையை எல்லாப் பெற்றோரும் கரையிலேயே செய்து பார்க்க வேண்டும். தூக்கும்போது ஜாக்கெட் காதைத் தாண்டி எழும்பினால், தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும். படகுக்குப் பொறுப்பாக இருந்தவர், "ஆழம் இல்லை சார், ஒன்றும் ஆகாது" என்றார். ஆழம் எவ்வளவு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. குழந்தைகளுக்கான ஜாக்கெட் இல்லாமல் அவளைப் படகில் ஏற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து, வேனின் பின்னால் இருந்த ஒரு சாக்குப் பைக்குள்ளிருந்து சிறிய ஜாக்கெட்டுகள் இரண்டை எடுத்துவந்தார்கள். தொடைகளுக்கு இடையே செல்லும் பட்டையோடு, புதியதாக, உறை பிரிக்காமல் இருந்தன. கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்களோடு வந்த இன்னொரு குடும்பத்தின் எட்டு வயதுப் பையன் அதற்குள் பெரிய ஜாக்கெட்டோடு ஏரியின் நடுவே போயிருந்தான். மீட்புக்கென்று இருந்தது ஒரே ஒரு பரிசல். அதன் துடுப்பும் கரையில் கிடந்தது.

தண்ணீரைப் பற்றியும் அவர்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கோடையில் ஏரி எப்படி நிரம்பியிருக்கிறது என்று பரிசல்காரரிடம் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. பெங்களூரின் ஹெப்பால், நாகவாரா பகுதிக் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை, அதாவது கிருமிகள் முழுவதும் நீங்காத அளவுக்கு மட்டும், சுத்திகரித்து, நிலத்தடி நீரை உயர்த்துவதற்காகச் சிக்கபள்ளாப்பூர் பக்கத்து ஏரிகளுக்குக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள்; இந்த ஏரியும் அவற்றில் ஒன்று என்றார். வறண்ட மாவட்டத்துக்கு அது பெரிய உதவி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் நீந்துவதற்கும் முகம் கழுவுவதற்கும் உரியதல்ல. எங்கள் குழுவில் நான்கு பேர் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள்; யாரும் தடுக்கவில்லை. படகில் போவதானாலும் கையில் காயம் இருப்பவர்கள் தவிர்ப்பதும், இறங்கியவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் நல்லது.

சரியான ஜாக்கெட் கிடைத்த பிறகு மகளும் நானும் இருபது நிமிடம் துடுப்புப் போட்டோம். இடது பக்கம் போட்டால் வலது பக்கம் திரும்பும் என்பதைக் கண்டுபிடித்ததும் அவள் என்னைத் துடுப்பைத் தொட விடவில்லை. கரையோரக் கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததை மிக அருகில் பார்த்தோம். இவ்வளவு நல்ல அனுபவத்தை ஒரு பக்கிளின் அலட்சியத்தால் ஆபத்தாக்குகிறார்களே என்ற கோபம் அப்போதுதான் எனக்கு அதிகமானது.

நான் அனுப்பிய கடிதத்துக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. முன்பதிவின்போதே குழந்தைகளின் வயதையும் எடையையும் கேட்டு எழுதிக்கொள்வதாகவும், உடைந்த ஜாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். படகுக்கான தொகையில் பாதியைத் திருப்பியும் கொடுத்தார்கள். தண்ணீர் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மலைக்கு மட்டும் ஆளுக்கு 900 ரூபாயில் தனிப் பயணம் வைத்திருக்கிறார்கள். கார்த்திகையில் மேகம் இறங்கும் காலத்தில், அதே வழிகாட்டி வருவாரா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அதற்கு மறுபடியும் பணம் கட்டுவோம். ஏரிப் பயணத்துக்கு, தண்ணீர் பற்றிய அந்தப் பதில் எழுத்தில் வரும் வரை, கட்டப் போவதில்லை.