மென்பொருளுக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் குடோன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளை. மருந்து மொத்த வியாபாரம். சரக்கு மாற்றத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்கள், "ஈஜேபியில் செய்திருக்கிறோம், பாதியில் நின்றால் கன்டெய்னரே எல்லாவற்றையும் ரோல்பேக் செய்துவிடும்" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். (ஈஜேபி என்பது ஜாவாவில் வியாபார மென்பொருள் எழுதும் ஒரு முறை; கன்டெய்னர் அதை இயக்கும் சர்வர் பகுதி; ரோல்பேக் என்றால் அதுவரை செய்த மாற்றங்களை ரத்து செய்வது.) ஓட ஆரம்பித்ததும் குடோனில் 40 பெட்டி கழிந்தது, கிளையில் ஏறவே இல்லை. கேட்டால் "உங்க நெட் சரியில்லை சார்" என்றார்கள். பச்சைப் பொய்.

கோடைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. முதலில் குடோன் இருப்பைக் குறைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கிளையில் அந்த பேட்ச் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் 'எக்ஸெப்ஷன்' கிளாஸிலிருந்து நேராக எடுத்த சொந்த எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) எறிகிறார்கள். இப்படி எடுத்தது 'செக்டு' வகை. ஈஜேபி விதிப்படி ரன்டைம் எக்ஸெப்ஷன் (எதிர்பாராத கோளாறு) வந்தால்தான் கன்டெய்னர் தானாக ரோல்பேக் செய்யும். செக்டு எக்ஸெப்ஷன், ரிமோட்எக்ஸெப்ஷன் நீங்கலாக, வியாபாரத்தில் எதிர்பார்த்த பதிலாகவே கருதப்படும். அதுவரை எழுதியது கமிட் ஆகிவிடும், அதாவது டேட்டாபேஸில் நிலைத்துவிடும். அந்த கிளாஸின் தலையில் '@அப்ளிகேஷன்எக்ஸெப்ஷன்(ரோல்பேக்=ட்ரூ)' என்று ஒரே ஒரு வரி போதும். அந்த வரி இல்லை.

அதைச் சேர்த்ததும் அடுத்த ஓட்டை தெரிந்தது: சரக்கு மாற்றம் தோற்றதைக் குறித்து வைக்கும் தோல்விப் பதிவும் சேர்ந்தே அழிகிறது. பதிவு எழுதும் மெத்தடுக்கு 'ரிக்வயர்ஸ் நியூ' (தனி டிரான்சாக்ஷனில் ஓட வேண்டும் என்ற குறிப்பு; டிரான்சாக்ஷன் என்றால் முழுதாக நடக்க வேண்டிய அல்லது முழுதாக ரத்தாக வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) போட்டிருக்கிறார்கள், ஆனால் அதே பீனுக்குள்ளிருந்து (பீன் என்பது கன்டெய்னர் இயக்கும் கிளாஸ்) 'திஸ்' வழியாக அழைக்கிறார்கள். அந்த அழைப்பு கன்டெய்னர் வழியாகப் போகாததால் தனி டிரான்சாக்ஷன் தொடங்காது. அந்த மெத்தடை வேறொரு பீனுக்கு மாற்றி, இன்ஜெக்ட் செய்து (கன்டெய்னர் மூலமாகப் பெற்று) அழைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஜாவா தெரிய வேண்டியதில்லை. டெஸ்ட் டேட்டாபேஸில் 10 பெட்டி உள்ள ஒரு பேட்சை, கிளையில் பதிவாகாத நிலையில், அனுப்பிப் பாருங்கள். திரையில் வரும் செய்தியை நம்பாதீர்கள். டேபிளையே திறந்து காட்டச் சொல்லுங்கள். இருப்பு 10 ஆகவே இருக்க வேண்டும், தோல்விப் பதிவில் ஒரு வரி ஏறியிருக்க வேண்டும். 9 என்றோ 0 என்றோ காட்டினால் பணத்தை நிறுத்துங்கள்.

குடோனுக்கும் கிளைக்கும் தனித்தனி டேட்டாபேஸ் என்றால் இரண்டு டேட்டாசோர்ஸும் (டேட்டாபேஸ் இணைப்பும்) எக்ஸ்ஏ வகைதானா, அதாவது இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனில் சேர்க்கக்கூடியவைதானா என்று கேளுங்கள். "புது வெர்ஷன்" என்று விற்றால் இம்போர்ட் வரிகளில் 'ஜாவாஎக்ஸ்.ஈஜேபி' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பழையது: ஈஜேபி அடங்கிய ஜாவா தொகுப்பான ஜகார்த்தா ஈஈ-யின், 2020-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து அந்தப் பெயர் 'ஜகார்த்தா.ஈஜேபி'. சோர்ஸ் கோடு கைக்கு வராமல் கோடில் உள்ள எதையும் பார்க்க முடியாது. ஆகவே அதைத் தர வேண்டும் என்பதையும், மேலே சொன்ன 10 பெட்டிச் சோதனையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.