அகர வரிசையில் வந்த காரணங்கள்: பணியிடச் செயலியோடு நான்கு ஆண்டுகள்

கட்டுமான நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்கள் வைத்திருக்கும் அந்தச் செயலியின் சந்தா குறைந்திருக்கிறதாமே, வாங்கலாமா?" ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பெரும்பகுதி ஒரே ஒரு பட்டியலைப் பற்றிய புலம்பல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வாங்கலாமா வேண்டாமா?" என்று அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

செயலி என்ன செய்யும் என்பதை விளக்கப் போவதில்லை. தினசரி அறிக்கை, ஆள் கணக்கு, பொருள் வரவு, புகைப்படம், வாராந்தரத் திட்டம் என்று இந்த வகைச் செயலிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நான் மதிப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். டெண்டருக்கு விலை போடுவது என் வேலை. எனவே இது மேசையில் உட்கார்ந்து பார்ப்பவனின் அனுபவம். மேலே சாரத்தில் நிற்பவரின் அனுபவம் வேறாக இருக்கும்.

முதலில் கம்பிக் கணக்கு. ஒரு மீட்டர் கம்பியின் எடையை எங்கள் துறையில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் கிலோ. 16 மி.மீ. கம்பி என்றால் 1.58 கிலோ. 12 மீட்டர் கம்பியில் நாலரை மீட்டர் துண்டுகள் வேண்டுமென்றால் இரண்டு வெட்டலாம், மூன்று மீட்டர் மிஞ்சும். ஒவ்வொரு கம்பியிலும் கால் பங்கு, அதாவது ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது வேலியோரம் குவியும், துருப்பிடிக்கும், கடைசியில் பழைய இரும்பாக எடை போடப்படும். நாங்களும் 'சேதாரம்' என்று ஒரு விழுக்காட்டைச் சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

செயலி எல்லாக் கட்டடங்களின் வெட்டுப் பட்டியல்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. இன்று இங்கே மிஞ்சும் மூன்று மீட்டர், அடுத்த வாரம் பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டுக்குத் தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதன்முதலில் இதைக் கண்டபோது, கம்பி வெட்டும் பெரியவரிடம் கைப்பேசியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, குவியலைப் பார்த்தார். "இதைப் பத்து வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தம்பி" என்றார். அவர் சொன்னதைக் கேட்பதற்கு நாங்கள் சந்தா கட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது, சரக்கு லிஃப்ட். இதுதான் எங்களுக்கு உண்மையிலேயே பணம் சம்பாதித்துக் கொடுத்தது. உயரமான கட்டடங்களில் பூச்சு வேலைக்கு எல்லாத் தளங்களுக்கும் ஒரே விகிதத்தைத்தான் போட்டு வந்தோம்: ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு இத்தனை சதுர மீட்டர். கீழ்த்தளங்களில் அது சரியாகவே வரும். மேலே போகப் போகக் குறையும். உயரத்தில் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். லிஃப்ட் ஏறி இறங்கும் நேரங்கள் தாமாகவே பதிவாகிச் செயலிக்கு வரும்படி செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. காலையில் முதல் இரண்டு மணி நேரம் லிஃப்டுக்கு வரிசை நிற்கிறது. ஆட்கள், டைல்ஸ், குழாய், மணல் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே போக வேண்டும். கொத்தனார்கள் கரணையோடு உட்கார்ந்து கலவைக்குக் காத்திருக்கிறார்கள். கை மெதுவாகவில்லை, மணல்தான் வந்து சேரவில்லை.

கலவையை முந்தின நாளே ஏற்றி வைக்க முடியாது. தண்ணீர் பட்டால் சிமென்ட் இறுகத் தொடங்கிவிடும். அதனால் உலர்ந்த மணலையும் சிமென்ட் மூட்டைகளையும் மாலையில் ஏற்றி வைத்துவிட்டுக் காலையில் அந்தந்தத் தளத்திலேயே கலக்கச் சொன்னோம். அவ்வளவுதான் மாற்றம். மேல்தள விகிதம் கீழ்த்தளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்து வந்த டெண்டரில், மற்றவர்கள் மேல்தளங்களுக்கென்று சேர்க்கும் நாட்களை நாங்கள் சேர்க்கவில்லை. வேலை எங்களுக்குக் கிடைத்தது, சொன்ன நாளில் முடிந்தது.

ஏலத்தில் 'வெற்றியாளரின் சாபம்' என்று ஒன்று உண்டு. எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட அனுபவத்தை வைத்து 1971இல் மூன்று பொறியாளர்கள் எழுதியது: ஜெயிப்பவர் பெரும்பாலும் அந்த வயலின் மதிப்பை மிக அதிகமாகத் தவறிக் கணித்தவராகவே இருப்பார். எங்கள் தொழிலில் அது தலைகீழ். செலவை மிகக் குறைவாகத் தவறிக் கணித்தவர் கையில் வேலை வந்து விழும், பிறகு அவர் இரண்டு ஆண்டுகள் அழுவார். நாங்களும் அழுதிருக்கிறோம். எங்கள் சொந்த வேலைகளின் பழைய கணக்கு கையில் இருந்ததால், கடந்த ஆண்டு ஒரு டெண்டரை விலையே போடாமல் விட்டோம். இந்த நான்கு ஆண்டுகளில் செயலி செய்த மிகப் பெரிய உபகாரம் அதுதான் என்று முதலாளி சொல்கிறார். மறுக்க மாட்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது பாராட்டுரை. இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன்.

ஒரு வேலை திட்டமிட்ட நாளில் முடியவில்லை என்றால் செயலி காரணம் கேட்கும். கேட்பது நியாயம்தான். கட்டுமான மேலாண்மை ஆய்வாளர்களான கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் கட்டுமானப் பணியிடங்களின் வாராந்தரத் திட்டங்களை எடுத்து, முடிப்பதாக ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை முடிந்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அவர்கள் அந்த விழுக்காட்டோடு நிற்காமல், முடியாத ஒவ்வொன்றுக்கும் ஏன் முடியவில்லை என்று எழுதச் சொன்னார்கள். காரணம் தெரியாவிட்டால் அந்த விழுக்காடு வெறும் தேர்வு மதிப்பெண், பணியிடத்தில் அதை வைத்து எதையும் திருத்த முடியாது. எங்கள் செயலியும் அந்த வழிமுறையைத்தான் பின்பற்றுகிறது. பதினோரு காரணங்கள் கொண்ட பட்டியல், ஒன்றைத் தொட வேண்டும்.

அந்தப் பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது.

செயலியின் மொழியைத் தமிழில் வைத்துக்கொண்டால் முதலில் 'ஆள் பற்றாக்குறை'. அடுத்தது 'இதர'. பிறகு 'இயந்திரப் பழுது', 'ஒப்புதல் தாமதம்'. திரையில் தெரிவது இந்த நான்குதான். விரலால் தள்ளினால் 'பொருள் வரவில்லை', 'மழை' எல்லாம் வரும். இன்னொரு முறை தள்ளினால் கடைசியாக 'வரைபடம் வரவில்லை'. மாலை ஆறு மணிக்குச் சிமென்ட் காய்ந்த விரலோடு திரையைத் தேய்க்கும் மேற்பார்வையாளரை நினைத்துப் பாருங்கள். தொட்டால் பாதி நேரம் திரை ஏற்றுக்கொள்வதே இல்லை. அவர் 'வ' வரைக்கும் போவாரா?

இரண்டு ஆண்டுகள் இது எங்களுக்குத் தெரியாது. மாத அறிக்கையில் வண்ண வட்டம் வரும், அதில் பெரிய துண்டு 'ஆள் பற்றாக்குறை', அடுத்தது 'இதர'. மேலிடம் வட்டத்தைப் பார்த்தது, கூடுதலாக ஒரு குழுவை இறக்கியது. வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை அப்போதும் தாமதமானது, அதற்கும் ஆள் பற்றாக்குறை என்றே பதிவானது! இன்னொரு பணியிடத்தில் ஒரு பொறியாளர் செயலியை ஆங்கிலத்தில் வைத்திருந்தார். அங்கே பெரிய துண்டு 'ஒப்புதல் தாமதம்', அதாவது 'அப்ரூவல் டிலே'. ஒரே நிறுவனம், ஒரே வடிவமைப்பாளர், ஒரே வகைக் கட்டடம். இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் உறைத்தது. நாங்கள் நான்கு வண்ணங்களில் அச்சிட்டுக் கூட்டத்தில் விவாதித்தது தாமதத்தின் காரணத்தை அல்ல, நெடுங்கணக்கை.

பிறகு ஒரு மாதம் காகிதத்தில் எழுதி வாங்கினேன். காரணங்களில் பாதிக்கு மேல் வரைபடம். திருத்திய வரைபடம் வரவில்லை, வந்ததில் அளவு இல்லை, பழையதை வைத்துக் கட்டிவிட்டோம்.

சரி, குறிப்பு எழுதும் கட்டத்தில் விவரம் எழுதச் சொல்லலாமே என்றால் அதிலும் ஒரு வினை. எழுத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கணினிக்கு 'கொ' என்பது இரண்டு குறியீடுகள், சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட். வரம்பு எதைக் கொண்டு எண்ணுகிறதோ, "கிழக்குச் சுவர்ப் பூச்சு நின்றது, காரணம் குழாய்க்காரர் இன்னும்" என்ற இடத்தில் வாக்கியம் வெட்டுப்படுகிறது. குழாய்க்காரர் இன்னும் என்ன செய்தார் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை.

சேவைப் பிரிவுக்கு எழுதினேன். பட்டியலை எங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்த வசதி கொடுங்கள், 'இதர'வைக் கடைசியில் தள்ளுங்கள், இரண்டே கோரிக்கை. மரியாதையாகப் பதில் வந்தது: அடுத்த பதிப்பில் பரிசீலிப்பார்களாம். அடுத்த பதிப்பில் இரவு நேரத்துக்கான கறுப்புத் திரை வந்தது. அதற்கடுத்த பதிப்பில், அறிக்கையை நேரத்துக்கு அனுப்பினால் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நட்சத்திரத்துக்காக இப்போது மதியமே அறிக்கையை நிரப்பிவிடுகிறார்கள். மாலையில் நின்றுபோகும் வேலைக்கு மதியமே காரணம் இருக்கிறது. என்ன காரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாகப் பேசினால் குற்றம் முழுவதும் செயலியுடையது அல்ல. வட்டத்தைப் பார்த்தவுடன் நம்பியது நாங்கள். லிஃப்ட் தானாகச் சொன்னதையும், களைத்துப்போன ஒருவரிடம் கேட்டு வாங்கியதையும் ஒரே தட்டில் வைத்தோம். லிஃப்டுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இல்லை, மேற்பார்வையாளருக்கு உண்டு. இதெல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அந்த வட்டம் மின்னஞ்சலில் வந்து விழும்போது இந்த நியாயம் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீர்கள். கம்பிக்கும் லிஃப்டுக்கும் ஒரு நல்ல விரிதாளும் கவனமான ஒரு ஆளும் போதும். சந்தா குறைந்தாலும் கோபம் குறைவதில்லை.

அவரிடம் பேசிய சூட்டோடு எங்கள் சந்தாவையும் நிறுத்திவிடலாம் என்று கணக்கைத் திறந்தேன். விலகும் பக்கத்தில், "ஏன் விலகுகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. 'அதிக விலை', 'ஆதரவு போதவில்லை', 'இதர'... கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். என் காரணம் இல்லை. 'இதர'வைத் தொட விரல் போகவில்லை. பக்கத்தை மூடிவிட்டேன். மறுநாள் காலை சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.