சாயக் கழிவுநீருக்கு லாக்கேஸா, பெராக்சிடேஸா?

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தில் சாய்த்த பலா, முந்திரி போன்ற மரங்களின் கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை முழுமையாகச் சிதைக்கும் ஆற்றல், பெரும்பாலும் வெள்ளை அழுகல் பூஞ்சைகளுக்கே உரியது. லிக்னினைப் போலச் சாயங்களிலும் அரோமேட்டிக் வளையங்கள் (பென்சீன் போன்ற கார்பன் வளையங்கள்) இருப்பதால், இந்தப் பூஞ்சைகள் லிக்னினைச் சிதைக்கச் சுரக்கும் நொதிகளைக் கொண்டே சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்க முடிகிறது. ஆனால் அவற்றுள் எந்த நொதி ஏற்றது, லாக்கேஸா, பெராக்சிடேஸ் வகையா?

வலிமையில் பெராக்சிடேஸ்களே முந்துகின்றன. ஃபானரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் 1983இல் கண்டறியப்பட்ட லிக்னின் பெராக்சிடேஸ், லாக்கேஸ் தனித்து நின்று தொட முடியாத, லிக்னினின் ஃபீனால் அல்லாத பகுதிகளையும் உடைக்கிறது. மாங்கனீசு பெராக்சிடேஸ் உருவாக்கும் மூவிணைதிற மாங்கனீசு அயனியோ, ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றுடன் பிணைந்து, நொதி நுழைய முடியாத கட்டையின் உட்பகுதிக்கும் செல்கிறது.

ஆயினும் ஆலையில் அந்த வலிமை எளிதில் கைகொடுப்பதில்லை. பெராக்சிடேஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தொடர்ந்து தேவை. அது அளவு மீறினால் நொதியே செயலிழந்துவிடும். லிக்னின் பெராக்சிடேஸ் பிஎச் 3ஐ ஒட்டிய அமிலநிலையில்தான் சிறப்பாக இயங்கும். பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களின் கழிவுநீரோ காரத்தன்மை மிக்கது. நான்கு செப்பு அணுக்களைக் கொண்ட லாக்கேஸுக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனே போதும், அதுவும் இறுதியில் நீராகிவிடுகிறது. ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்ய ஆலைகள் இதை ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. ஆந்த்ராகுவினோன் என்ற வேதி வகையைச் சேர்ந்த சாயங்கள் பலவற்றை நேரடியாகவே தாக்கும் லாக்கேஸுக்கு, அசோ என்ற மற்றொரு வகைச் சாயங்கள் பலவற்றைச் சிதைக்க இடையூக்கிப் பொருள் (நொதிக்கும் சாயத்துக்கும் இடையே எலக்ட்ரானைக் கடத்தும் சிறு மூலக்கூறு) ஒன்று தேவைப்படுகிறது. அதன் விலையையும் நச்சுத்தன்மையையும் கணக்கில் கொள்ளாமல் இதை மலிவான வழி என்று கூறுவது நியாயமாகாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, கடலூர், புதுச்சேரிப் பகுதியின் சிறிய சாயப் பட்டறைகளுக்கு லாக்கேஸையே பரிந்துரைப்பேன். சிப்பிக்காளான் அறுவடைக்குப் பின் மிஞ்சும் வைக்கோல் படுக்கையிலேயே லாக்கேஸும் மாங்கனீசு பெராக்சிடேஸும் தங்கியிருப்பதால், தொடக்கச் சோதனைகளுக்குத் தூய நொதியை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எனக்குள்ள பெரிய கவலை உப்பு பற்றியது. ரியாக்டிவ் சாயமேற்றும்போது லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு சேர்க்கப்படுகிறது. அது சமையல் உப்பாக இருந்தால், அதன் குளோரைடு அயனி செப்பு மையங்களைப் பற்றிக்கொண்டு லாக்கேஸை முடக்குகிறது. கடலோர மரக்கட்டைகளில் வாழும் சில பூஞ்சைகளின் லாக்கேஸ் உப்பை ஓரளவு தாங்கும் என்பதால், பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் மட்கும் கட்டைகளில் அத்தகைய இனங்களைத் தேடுவதே இங்குள்ள ஆய்வாளர்கள் முதலில் செய்ய வேண்டிய பணி என்று கருதுகிறேன்.