டர்பன் புழுக்கத்திலும் அலுக்காத ஐந்து ஆல்பங்கள்

பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் ஆளுக்கு ஐம்பது சொல்வோம். வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு, உறை ஓரம் கிழிந்து, ஊசியும் பலமுறை மாறி, அப்புறமும் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது எது என்று பார்த்தால் ஐந்தாறுதான் தேறும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தச் சோதனை இன்னும் கடுமை. கடற்காற்று, ஜனவரி பிப்ரவரிப் புழுக்கம், நடுநடுவே லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு. பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, இசைத்தட்டும் பிழைத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றும் ஏன் நிலைத்தது என்பதோடு, எதில் கேட்டால் நன்றாக இருக்கும், எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலிடம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருப்பார். தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். இதைப் பின்னணி இசையாக ஓடவிட்டால் பாதி காணாமல் போகும். உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுவும் வயலினை விட்டுவிட்டு ஒருமுறை செல்லோவை மட்டும், இன்னொருமுறை பாஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' துண்டில் பாக் தனி வயலினுக்கு எழுதிய இ மேஜர் பார்ட்டிட்டாவின் முகப்பு ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் ராஜா தன் வரியை ஏற்றுவார். பாக் எழுதியது அடிக்கு நாலு துரித ஸ்வரங்களாக நிற்காமல் நேராக ஓடும். ராஜா ஏற்றியது வளைந்தும் இழுத்தும் போகும். இரண்டும் மோதாமல் எப்படி நிற்கின்றன என்பதுதான் இந்த ஆல்பத்தின் முழு வித்தையும். வாரநாளில் பியானோ கிரேடு தேர்வுக்குப் படித்துவிட்டு, சனி ஞாயிறில் கோயில் வகுப்பில் தேவாரம் கற்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டிய தட்டு இது. இரண்டு வகுப்பும் ஒரே காதுக்குத்தான் என்பது தானாகப் புரிந்துவிடும்.

தட்டில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்பி என்னும் நீள இசைத்தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் போல ஓடுவது, லேபிள் பக்கம் வரும்போது 20 சொச்சமாகக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கும். உச்ச ஸ்தாயி வயலின்தான் இதில் முதலில் அடிபடும். பக்கத்தின் கடைசித் துண்டில் வயலின் கரகரத்தால் உடனே தட்டைக் குறை சொல்லாதீர்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் கோணலாக மாட்டியிருக்கலாம், அல்லது ஊசி தேய்ந்திருக்கலாம். சீரமைப்பு அட்டையை வைத்து கார்ட்ரிட்ஜை நேராக்கி, ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று 1 கிராமில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போதுதான் ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைச் செதுக்கும்.

அடுத்தது இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவின் முதல் ஆல்பம், 1976. கிட்டாருக்கு ஜான் மெக்லாஃப்லின், வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ஆர். ராகவன். மேடைக் கச்சேரியின் நேரடிப் பதிவு. கிட்டாரின் வேகத்தைப் புகழ்ந்து எல்லாரும் எழுதிவிட்டார்கள். பல வருஷம் கேட்ட பிறகு மனசு போய் உட்காருவது கடத்தில்தான். பானையின் கழுத்தில் விரல் படும் ஓசை, வயிற்றில் விழும் அடி, பானை வாயை வாசிப்பவர் தன் வயிற்றோடு அணைத்துத் திறக்கும்போது வரும் கும் என்ற காற்று, இந்த மூன்றும் தனித்தனியாகக் கேட்டால் உங்கள் ஸ்பீக்கர் தேறியது. மூன்றும் ஒரே 'டக்' ஆகக் கேட்டால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்துப் பாருங்கள்.

இதில் சிக்கல் இரண்டாம் பக்கம். ஒரே உருப்படி, 29 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்பியின் ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம்தான் சௌகரியம். அதற்கு மேல் திணிக்கப் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், நெருக்கமாக வெட்ட ஒலியளவைக் குறைக்க வேண்டும். அதனால் நாம் ஆம்பில் (ஆம்பிளிஃபயரில்) ஒலியைக் கூட்டுவோம், கூடவே தூசியும் ஹம் சத்தமும் கூடும். ஹம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டர்ன்டேபிளின் எர்த் கம்பி. ஆம்பின் பின்னால் அந்தத் திருகு தளர்ந்திருக்கும், அல்லது நம் ஈரக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். சுரண்டி இறுக்கினால் தீர்ந்தது. இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும் சிடிதான் மேல் என்பேன். தட்டுப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் டாலர் பிராண்ட் என்ற பெயரில் 1974இல் கேப்டவுனில் பதிவு செய்த 'மானன்பர்க்' இந்த வரிசையில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை. கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து கலர்ட் (கலப்பினத்தவர் என்று அரசு வகைப்படுத்திய) மக்களைப் பெயர்த்து மானன்பர்க் முதலிய இடங்களில் கொட்டிய, இனவாரியாக வசிப்பிடம் பிரித்த அதே குரூப் ஏரியாஸ் சட்டம்தான், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்களையும் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. முதல் பக்கம் முழுக்க ஒரே துண்டு, 13 நிமிஷத்துக்கு மேல். ஆத்திரமோ அழுகையோ இல்லை. நாலு பேர் நடந்துபோகிற வேகத்தில் ஒரு தாளம், அதன் மேல் பாசில் கூட்சியேவின் டெனர் சாக்ஸ் அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டு போகும். இந்த வாசிப்புக்குப் பிறகு அவருக்கு ஊர்ப் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

முதல் தடவை கேட்பவர்கள் பியானோ தகர டப்பா மாதிரி இருக்கிறதே, பதிவு கெட்டுவிட்டதா என்று டிரெபிளைக் குறைப்பார்கள். குறைக்காதீர்கள். அது ஒரு நிமிர்ந்த பியானோ. தென்னாப்பிரிக்க நகரச் சேரிகளின் பழைய மராபி இசையின் உலோக ஒலி வர வேண்டும் என்று சுத்தியல்களில் குண்டூசி ஆணி குத்தி வாசித்தது. அந்தக் கணீரைக் குறைத்தால் பாட்டின் உயிரே போய்விடும். இன்னொரு நல்ல விஷயம்: பக்கம் குட்டையாக இருப்பதால் பள்ளங்களைத் தாராளமாக, உரக்க வெட்ட இடம் உண்டு. கீறல் விழுந்த பழைய பிரதியும் கேட்கும்படி இருக்கும். ஜோகன்னஸ்பர்க் ரஷீத் வாலி தன் 'தி சன்' லேபிளில் போட்ட முதல் அச்சு கிடைத்தால், உறை கிழிந்திருந்தாலும் விடாதீர்கள்.

லேடிஸ்மித் பிளாக் மாம்பாசோவின் 'ஷாகா ஜூலூ' 1987. கிராமி வாங்கியதால் எல்லார் வீட்டிலும் இருந்தது, அதனாலேயே யாரும் உருப்படியாகக் கேட்கவில்லை. லேடிஸ்மித் நம் மாகாணத்து ஊர், டர்பனிலிருந்து காரில் சில மணி நேரம். வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. ஜோசப் ஷபலாலாவின் மெல்லிய முன்குரல், அடியில் பாஸ் குரல்கள் கூட்டமாக. வாத்தியமில்லாத ஜூலு கூட்டுப்பாட்டான இசிகதமியாவில் உரக்கப் பாடுவது பெருமையாக இருந்த காலத்தில், ஷபலாலா குழுவைத் தணித்துப் பாட வைத்தார். நாமசங்கீர்த்தனத்தில் முன்பாட்டும் பின்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு இதன் அமைப்பு சட்டென்று பிடிபடும்.

ஊசிச் சோதனைக்கு இதைவிட நல்ல தட்டு இல்லை. ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் உண்டு. தட்டில் தூசி இருந்தால் அதுவும் அதே மாதிரிச் சொடுக்கும். எது பாடகர், எது தூசி? பாடகரின் சொடுக்குக்குப் பின்னால் வாயின் கூடு கேட்கும், இடம் தெரியும், குரல்களுக்கு நடுவிலிருந்து வரும். தூசி ஒரு ஓரத்திலிருந்து, எதோடும் ஒட்டாமல் தெறிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் ஊசியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நீள்வட்ட முனை ஊசிக்கு ஆடியோ டெக்னிகாவே சொல்லும் ஆயுள் 300 மணி நேரம்.

ஐந்தாவது இளையராஜாவின் 'திருவாசகம்', 2005. புடாபெஸ்ட் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் சேர்ந்தது. சிடிதான். மொத்தம் ஆறு பாடல், அதில் 'பொல்லா வினையேன்' மட்டும் இருபது நிமிஷம். சைவ சபைகளில் சிவபுராணத்தை 'நமச்சிவாய வாழ்க' என்று தொடங்கி ஒரே மூச்சில் ஓதிப் பழகியவர்களுக்கு முதலில் நெருடும். நடு அடியிலிருந்து எடுத்திருக்கிறார், ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் குறுக்கே வருகின்றன. ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாமல் ஓசையை மட்டும் மனப்பாடம் செய்து ஓதும் தலைமுறைக்கு, ஓதும் வரியின் பொருள் நடுவிலேயே வந்து விழுவது இங்கேதான். சென்னையில் இருப்பவர்கள் அந்த ஆங்கிலத்தைக் குறையாகச் சொல்லலாம். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் அது குறையாகத் தெரியாது.

காரில் போட்டால் இந்த ஆல்பம் தோற்கும். மெல்லிய இடங்கள் எஞ்சின் சத்தத்தில் அமுங்கும், கூட்டினால் கோரஸ் வரும்போது காது கிழியும். வீட்டில், ஜன்னலைச் சாத்திக் கேளுங்கள். கோயில் விழாவில் கைமாறும் நகல் சிடிகளை நம்ப வேண்டாம். எழுதும் வகைச் சிடியில் சாயப் பூச்சு வெயிலிலும் சூட்டிலும் மங்கிப்போகும், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தால் சீக்கிரமே போய்விடும். அசலையும் வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் தகவல் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது.

'ரோஜா' எங்கே என்பார்கள். 1992இன் அந்தப் பாடல்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பலரிடம் இருப்பது சாதாரண வகைக் கேசட், அதன் ஹிஸ் சத்தத்தோடுதான் அந்த பாஸ் நினைவில் இருக்கிறது. பழைய கேசட்டைப் போடுமுன் உள்ளே நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு மெத்தை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கி ஏறி இறங்கும், நாடா கெட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவோம். வேறு உதவாக் கேசட்டிலிருந்து மெத்தையை எடுத்து ஒட்டினால் சரியாகிவிடும்.

கழுவுவது பற்றி. ஈரத்தில் காகித உள்ளுறை பூஞ்சை பிடிக்கும், அது வெள்ளைப் புள்ளிகளாகப் பள்ளத்துக்குள் இறங்கும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 50 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். லேபிள் நனையக் கூடாது. ஹார்டுவேர் கடையின் ஊதா நிற மெத்தலேட்டட் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், சாயமும் கசடும் பள்ளத்தில் தங்கும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் எந்த ஆல்கஹாலும் படக் கூடாது, அந்த அரக்கு கரைந்துவிடும். கழுவியதைப் பழைய உறைக்குள்ளேயே திரும்பப் போட்டால் செய்த வேலை வீண். பாலித்தீன் வைத்த புது உள்ளுறை போட்டு, பழையதை வெளியே தனியாக வையுங்கள்.

லோட்ஷெடிங்கில் தட்டு நின்றுபோனால் கையால் ஊசி மாட்டிய ஆர்மைத் தூக்கிவிட்டு ஆம்பின் பிளக்கையும் அணைத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பும் நொடியில்தான் ஸ்பீக்கர் போகும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய பழைய ஏசி மோட்டார் டர்ன்டேபிளுக்கு மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், ஷபலாலா பாஸ் பாடகராகிவிடுவார். 50 ஹெர்ட்ஸ் புல்லி தேடிப் போட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'மானன்பர்க்'கையும் 'ஷாகா ஜூலூ'வையும் முதலில் தேடலாம். இரண்டும் இந்த நாட்டுச் சரக்கு, பழைய தட்டுக் கடையிலும் தர்மத்துக்குப் பழைய சாமான் விற்கும் ஹாஸ்பிஸ் கடைப் பெட்டிகளிலும் எட்டிப் பார்க்கும். தட்டை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து, நகத்தில் தட்டுகிற கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு மட்டும் தெரியும் மயிர்க்கீறல் பெரும்பாலும் ஒலிக்காது. நகத்தில் மாட்டுவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலிக்கும். 'ஹவ் டு நேம் இட்' எல்பிக்குக் காத்திருக்கும் வரை சிடியோ ஆன்லைனோ போதும், ஆனால் ஷஃபிளை அணைத்துவிட்டு, பாக் துண்டையும் அதை அடுத்து வரும் 'அண்ட் வி ஹாட் எ டாக்' துண்டையும் பிரிக்காமல் கேளுங்கள்.