ஹீட் பம்ப் ஹீட்டர்: "போர்டு போயிட்டு அண்ணாச்சி" என்றால் உடனே பணத்தை எடுக்காதீங்க

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஓட ஆரம்பித்துச் சில நிமிஷத்தில் நின்றுவிடும், திரையில் எரர். வந்த சர்வீஸ் ஆள் மல்டிமீட்டரை வைத்தார். "கரண்டு 232 இருக்கு, போர்டு போயிட்டு அண்ணாச்சி" என்று, ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி 9,500 ரூபாய்க்குப் புதுசு மாட்டினார். மூன்றாம் நாள் அதே எரர். கடைசியில் பார்த்தால் ஐசோலேட்டருக்குள் (ஹீட்டருக்கென்று தனியாக வைக்கும் மெயின் சுவிட்ச்) நியூட்ரல் ஸ்குரூ லூஸ். கம்பி நுனி கரிந்து, மேலே இருந்த இன்சுலேஷன் அரை விரல் நீளத்துக்கு உருகியிருந்தது.

அவர் சொன்ன 232 பொய் இல்லை. கம்ப்ரஸர் நின்ற பிறகு அளந்தார், அவ்வளவுதான். லோடு இல்லாதபோது லூஸ் கனெக்‌ஷனும் முழு வோல்டேஜைக் காட்டும். கம்ப்ரஸரும், தண்ணீரைச் சுடவைக்கும் 1,500 வாட் காயிலான எலிமெண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும்போது அதே டெர்மினலில் 198தான் நின்றது. போர்டு லோ வோல்டேஜ் என்று நிறுத்தியது. அதன் வேலையே அதுதானே!

அதனால் ஓடும்போது அளக்கச் சொல்லுங்க, ஹீட்டர் டெர்மினலிலும், வீட்டு எம்சிபி சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸிலும். இரண்டுக்கும் வித்தியாசம் 3, 4 வோல்ட் என்றால் சரி. பத்தைத் தாண்டினால் நடுவில் ஏதோ ஒரு ஜாயின்ட் போயிருக்கிறது, அல்லது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட வேண்டிய இடத்தில் மெல்லிசான ஒயர் ஓடுகிறது. டிபியிலேயே சரிந்தால் வெளி லைனைப் பார்க்கணும். மூடி திறந்து அளப்பது எலக்ட்ரீசியன் வேலை, நீங்க கை வைக்காதீங்க.

தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரிலும் ஒரு ஏமாற்று உண்டு. பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் சென்சார்தான். நம்ம ஊர் 35 டிகிரி வெயிலில் அது ஆறரைக்கு வந்துவிடும். "பத்து வரலை, கெட்டுப்போச்சு" என்றால் சென்சார் நுனியைச் சுடுதண்ணீரில் வைத்து அளக்கச் சொல்லுங்க, மீட்டர் இன்னும் இறங்கினால் பெரும்பாலும் சென்சார் நல்லாத்தான் இருக்கிறது.

கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆனாலும் முதல் பழி போர்டு மேல்தான். மெயினை அணைத்து எலிமெண்டின் இரண்டு ஒயரையும் கழற்றி டேப் சுற்றிவிட்டுப் போட்டுப் பார்க்கட்டும். ட்ரிப் நின்றால் கசிவு எலிமெண்டில். உப்புப் படியும் போர் தண்ணீர் வீடுகளில் இது சகஜம்.

ட்ரிப் ஆகுது என்று எர்த் ஒயரைக் கழற்றிவிட்டுப் போகும் ஆளும் உண்டு. அப்புறம் கசியும் கரண்டு ஆர்சிசிபியை முன்கூட்டியே தட்டாமல் போகலாம், குழாயைத் தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும்; ஆர்சிசிபி அப்போது தட்டினாலும் அதற்குள் ஷாக் அடித்திருக்கும். அவர் மூடியை மாட்டும் முன் பச்சை எர்த் ஒயர் டெர்மினலில் இருக்கிறதா என்று பாருங்க. பழைய போர்டையும் கொடுத்துவிடாதீங்க, அது நல்லாவே இருக்கலாம்.