ரிப்பனா, ஹாரனா? மதுரைக் கண்காட்சிக்கு எந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போவது

மதுரையில் ஆடியோ கண்காட்சி போட்டால் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி மைக்செட்காரர்கள்தான். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்து, டாப், பேஸ், ஆம்ப் எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் வீட்டில் நல்ல ஸ்டீரியோ வைக்க ஆசைப்படும் டாக்டர்கள், பேராசிரியர்கள், ரிட்டயர்டான பேங்க் ஆட்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஹாலில் நடமாடும்போது, லட்சக்கணக்கில் விலை வைத்த ரிப்பன் ஸ்பீக்கரை அங்கே காட்டினால் எடுபடுமா? குழாய் மாதிரி வாய் விரிந்த ஹாரனோ, மின்விசையால் மெல்லிய படலத்தை அசைக்கும் எலக்ட்ரோஸ்டாட்டிக்கோ நல்லதா? இல்லை, எல்லோருக்கும் தெரிந்த சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரான டோம்-கோனே போதுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பனைக் காட்டுங்கள், ஆனால் ஸ்டாலில் காட்டாதீர்கள்.

ரிப்பனின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. சாதாரண ஸ்பீக்கரில் காயில் என்ற கம்பிச்சுருள் ஆடி, அது கோன் என்ற கூம்பைத் தள்ள வேண்டும். ரிப்பனில் காயிலும் இல்லை, கோனும் இல்லை. இரண்டு காந்த வரிசைகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மெல்லிய அலுமினியப் பட்டை மட்டும்தான். தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்குதான் அதன் தடிமன். மின்சாரம் அதன் வழியாகவே ஓடுகிறது, அதுவே அசைந்து காற்றைத் தள்ளுகிறது. 1920களில் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் செய்து பார்த்த அதே தத்துவம்தான் இன்றும். எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லாததால் ஜால்ராவின் ஒலி தட்டிய கணத்தில் எழும்பி, அதன் போக்கில் கரையும். மட்டமான டோம் ட்வீட்டரில், அதாவது மேல் ஒலிக்கான குமிழ் வடிவக் குட்டி ஸ்பீக்கரில், அதே ஜால்ரா வெறும் ‘ச்ச்ச்’ என்று கேட்கும்.

அந்த மெல்லிய பட்டைதான் ஸ்டாலில் உங்கள் தலைவலியும். பெடஸ்டல் ஃபேனை நேராகத் திருப்பினால் படபடக்கும். கடைசி நேரத்தில் வயர் இறுக்க ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டே கொண்டுபோனால், காந்தம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்; நுனி பட்டையைக் கிழித்த பிறகுதான் நமக்கே தெரியும். பக்கத்து ஸ்டால்காரர் கடைசி நிமிஷத்தில் இரும்புச் சட்டத்தை கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தால் துணி போட்டு மூடிவையுங்கள். அந்த இரும்புத் தூள் காந்த இடைவெளிக்குள் போய்விட்டால் எடுப்பது லேசு அல்ல.

ரிப்பன் என்ற ஒரே பெயரில் விற்கும் சாமான்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. நாலைந்து அங்குல ரிப்பன் ட்வீட்டர் பக்கவாட்டில் நன்றாகப் பரப்பும், மேலும் கீழும் பரப்பாது. உட்கார்ந்து கேட்டால் பளிச்சென்று இருக்கும்; எழுந்து நின்றால் மேல் ஒலி மங்கிவிடும். கண்காட்சியில் பாதிப் பேர் நின்றபடிதானே கேட்பார்கள்? ஆள் உயரத்துக்கு நிற்கும் நீள ரிப்பனில் இந்தத் தொல்லை கிடையாது. நின்றாலும் உட்கார்ந்தாலும் காது பட்டைக்கு நேராகவே இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி குறைவு. நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் எல்லாம் மார்பிள் தரையும் வெற்றுச் சுவருமாக எதிரொலிக்கென்றே கட்டியவை. அங்கே வார்த்தை தெளிவாக விழுவது இந்த வகையில்தான்.

சரி, அப்படியானால் நீள ரிப்பனை ஸ்டாலிலேயே வைத்துவிடலாமே என்றால், அதற்கு முதுகும் பாடும். பெட்டி இல்லாத பேனல் முன்னால் எவ்வளவு ஒலி விடுகிறதோ, பின்னாலும் அவ்வளவு விடும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பத்தடி ஸ்டாலில் ஒரு மீட்டரை முன்னால் இழுத்தால் நாற்காலி நடைபாதைக்குப் போய்விடும். பின்சுவரும் சுவர் இல்லை, ஃபிளெக்ஸ் பேனர். உங்கள் வீணை அந்தப் பக்கம் ஆடியோ மிக்ஸர் விற்பவருக்குக் கேட்கும், அவருடைய குத்துப்பாட்டு உங்களுக்குக் கேட்கும். முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் பக்கவாட்டில் மட்டும் ஒலி குறையும். பக்கத்து ஸ்டால்காரரோடு சண்டை வராது, அவ்வளவுதான் ஆறுதல்.

அதே அடிபடுதல் பேஸையும் தின்றுவிடும். ஸ்டாலுக்குள் வரும் மைக்செட் அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இது ஸ்பீக்கரா, தட்டியாண்ணே? பேஸ் எங்க?” என்று கேட்பார். கேள்வியில் தப்பே இல்லை. உறுமியின் இழுப்பும் தவிலின் தொப்பி அடியும் நெஞ்சில் வந்து இடித்தால்தான் அவருக்குத் தொழில். பேனலால் அந்த வேலை ஆகாது.

அவருக்கு ஹாரன்தான் சரி. சித்திரைத் திருவிழாவில் குழாய் கேட்டு வளர்ந்த காது அது. நாயனத்தின் விரிந்த வாயான அணசும் ஒரு ஹாரன்தான் என்பதாலோ என்னவோ, நல்ல ஹாரனில் நாயனம் கேட்டால் ஆள் எதிரே நின்று ஊதுகிற மாதிரியே இருக்கும். கணக்கும் ஹாரன் பக்கம்தான். 1946இலிருந்து வரும் கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஹாரன் ஸ்பீக்கருக்கு, ஒரே அளவு பவரில் எழும் சத்தம் 105 டெசிபெல் என்று கம்பெனியே போடுகிறது. மேக்னப்பன் கம்பெனியுடையது மாதிரி பேனல்களுக்கு 86 டெசிபெல் அளவில்தான் போடுகிறார்கள். நடுவில் உள்ள 19 டெசிபெல்லை ஆம்ப் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 80 மடங்கு பவர். கூட்டம் இரைகிற ஹாலில் இந்த வித்தியாசம் காதைப் பிடித்து இழுக்கும். ஆனால் கிளிப்ஷ்ஹார்னுக்குச் சுவர் மூலை வேண்டும், ஸ்டாலுக்கு ஏது மூலை? தன் காலில் நிற்கும் ஹாரன்களை மட்டும் பாருங்கள். ஒரு குறை: ஹாரனில் பெண் குரல் கொஞ்சம் முகத்துக்கு நேரே வந்துவிடும். எம்.எஸ். பாட்டை அதில் போட எனக்கு மனசு வராது.

எலக்ட்ரோஸ்டாட்டிக் பற்றி நீட்ட வேண்டாம். 1957இல் வந்த குவாட் ஸ்பீக்கர் இன்றைக்கும் குரலுக்குப் பேர் போனது. ரிப்பனுக்குச் சரிக்குச் சரியாக நிற்கும். ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், மெயின்ஸ் இணைப்பும் வேண்டும், தூசியும் ஆகாது. நம் ஊர்ப் புழுதிக்கு அதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

டோம்-கோன் பெட்டி எந்த ஸ்டாலிலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதைக் கேட்கவென்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஸ்டாலில் ரிப்பன் வாசனையாவது காட்ட வேண்டும் என்றால் என் ஓட்டு ஏ.எம்.டி.க்கு, அதாவது ஏர் மோஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கு. ஆஸ்கர் ஹெய்ல் 1970களில் கொண்டுவந்த மடிப்பு ட்வீட்டர் அது. மடிப்புகள் சுருங்கி விரிந்து காற்றைப் பிதுக்கித் தள்ளும். பட்டையை விட உறுதி, சத்தமும் கூடுதல். ரிப்பனின் அந்தக் கடைசி நுணுக்கம் இருக்காது, ஆனால் ஹால் இரைச்சலில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

உண்மையான ரிப்பனுக்கு ஹோட்டலில் ஒரு அறை எடுங்கள். வெளிநாட்டு ஹை எண்ட் கண்காட்சிகளில் கதவை மூடிக்கொண்டு டெமோ காட்டுவது இதற்காகத்தான். தமுக்கம் பக்கம் ஸ்டால் என்றால் அழகர்கோவில் ரோட்டில் அறை கிடைக்கும். ஸ்டாலில் ஹாரனைப் போட்டுக் கூட்டம் சேர்த்து, விருப்பமுள்ள ஆறேழு பேரை நேரம் சொல்லி அறைக்கு அழைத்துப்போங்கள். ஏசியைக் குறைத்துவிட்டு வீணை, புல்லாங்குழல், ஒற்றைக் குரல் என்று போடுங்கள். வீட்டுக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் ஹைப்ரிட் கேட்பார், அதாவது கீழே பேஸுக்குப் பெட்டி வூஃபர், மேலே நீள ரிப்பன். அதை ஒட்ட வைப்பது சிரமமான வேலை. தள்ளிப் போகப் போக வூஃபரின் ஒலி வேகமாகக் குறையும், ரிப்பனின் ஒலி மெதுவாகத்தான் குறையும். முதல் வரிசையில் சரியாக இருந்த பாட்டு கடைசி வரிசையில் பேஸ் வற்றிக் கேட்கும். அதனால் ஒரே வரிசை நாற்காலி போடுங்கள், வூஃபர் லெவலை அந்த வரிசையில் உட்கார்ந்து வையுங்கள்.

ஆம்ப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மின்தடை குறைந்த 4 ஓம் பேனல் கரண்டை உறிஞ்சும். 1980களில் வந்த அப்போஜி சின்டிலா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓமுக்கு இறங்கும். அதை ஓட்ட முடியாமல் திணறிய ஆம்ப்கள் நிறைய. ஹாலில் ஜெனரேட்டர் லைன்தான் கிடைக்கும் என்றால் லோடு போட்டு வோல்டேஜைப் பார்த்த பிறகே ஆன் பண்ணுங்கள்.