ஃபேன் பிளேடு சோதனைக்கு வாங்கிய டிப் டைமிங் கருவி: ஒரு மதிப்பீடு

ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றை எதிர்கொள்ளும் ஜெட் என்ஜின் ஃபேன் பிளேடுகளில் ஃப்ளட்டர் (காற்றோட்டமே ஆற்றல் ஊட்டி வளர்க்கும் அதிர்வு) எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, எங்கள் சோதனை மேடையில் ஸ்ட்ரெய்ன் கேஜ்களோடு (பிளேடில் ஒட்டி அதன் திரிபை அளக்கும் உணரிகள்) கூடுதலாக ஒரு லேசர் டிப் டைமிங் தொகுப்பையும் பயன்படுத்தி வருகிறோம். பிளேடின் நுனி, ஃபேனைச் சூழ்ந்த உறையான கேசிங்கில் உள்ள உணரியைக் கடக்கும் நேரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதை அளந்து, அதை அதிர்வின் வீச்சாக மாற்றித் தருவதே இதன் வேலை.

சுழலும் பாகத்தில் கம்பியோ, அங்கிருந்து மின்குறிப்பை வெளியே கொண்டுவரும் ஸ்லிப் ரிங்கோ தேவைப்படாமல் எல்லா பிளேடுகளையும் பார்க்க முடிவதுதான் இதன் பெரிய பலம். ஃப்ளட்டரில் அடுத்தடுத்த பிளேடுகள் ஒரு கட்ட வேறுபாட்டோடு (ஒன்றைவிட அடுத்தது சற்று முந்தியோ பிந்தியோ) அதிர, அந்த அதிர்வு ஃபேனைச் சுற்றி அலையாக ஓடுகிறது. காற்றோட்டம் பிளேடுக்கு ஆற்றலை ஊட்டுகிறதா, உறிஞ்சுகிறதா என்பது பெரிதும் அந்த வேறுபாட்டைப் பொறுத்தது. பிளேடுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் சில மட்டும் கூடுதலாக ஆடும். கேஜ் ஒட்டாத பிளேடு அப்படி ஆடினால் முன்பு நமக்குத் தெரியவே வராது.

துல்லியத்தைப் பற்றி விளம்பரத் தாள் கடிகார வேகத்தை மட்டுமே பேசுகிறது. நுனி வினாடிக்கு 450 மீட்டர் வேகத்தில் செல்லும்போது 1 மைக்ரோவினாடிப் பிழை 0.45 மில்லிமீட்டர் பிழையாகிவிடும். லேசர் புள்ளியின் அளவும், உணரியின் கண்ணாடியில் படியும் எண்ணெயும் கடிகாரத்தைவிட அதிகமாகக் கெடுக்கின்றன. கண்ணாடியைத் துடைப்பதற்கு உணரியை முழுவதுமாகக் கழற்ற வேண்டியிருப்பது எரிச்சலூட்டுகிறது.

விற்பனையாளர் தந்த வரைபடத்தில் உணரிகள் அனைத்தும் பிளேடின் நடுநாணுக்கு (முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுப்பகுதி) மேலே ஒரே வரிசையில் இருந்தன. ஸ்டால் (காற்றோட்டம் பிளேடின் பரப்பை விட்டுப் பிரிவது) இல்லாத நிலையில் வரும் மீயொலி வேக ஃப்ளட்டர் பெரும்பாலும் முறுக்கு அதிர்வு என்பதால், முறுக்கு அச்சுக்கு அருகில் வைத்த உணரிக்கு அநேகமாக எதுவும் தெரியாது. துளையிடுவதற்கு முன்பே சிலவற்றை முன்விளிம்புப் பக்கம் நகர்த்தச் சொன்னோம். மறுக்காமல் செய்து கொடுத்தார்கள். வேகம் கூடக்கூட பிளேடின் முறுக்கு சற்றே அவிழ்ந்து நுனி இடம் மாறும் என்பதையும் கணக்கிட்டே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மென்பொருளில் அலையின் விட்டக்கோடுகளை (ஃபேனைச் சுற்றி எத்தனை அலைகள் உள்ளன என்பதை) காட்டும் திரை அருமையாக இருக்கிறது. ஆனால், ஒரு சுற்றுக்கு ஓர் உணரியிலிருந்து ஒரு பிளேடுக்கு ஒரே அளவீடுதான் கிடைக்கும் என்பதால் அதிர்வெண்ணுக்குப் பல விடைகளைத் தருகிறது. உணரிகளைச் சீரற்ற இடைவெளியில் வைத்தால் குழப்பம் குறையும், கேஜ் இருந்தால் உடனே தீரும். எச்சரிக்கையோ பல சுற்றுகளின் சராசரியை எடுத்த பிறகே ஒலிக்கிறது, ஃப்ளட்டர் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. ஆகவே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மணியை இன்றும் ஸ்ட்ரெய்ன் கேஜோடுதான் இணைத்து வைத்திருக்கிறோம்.